கிளேயின் ஓவியமும் கனவு என்னும் சொல்லும்

பால் கிளே என்னும் சுவிட்சர்லாந்து ஓவியரைப் பற்றி எழுதுவோர் மூன்று சொற்களை விடாது கையாள்வர். கனவு என்பது ஒன்று. குழந்தைமை என்பது மற்றொன்று. இவ்வுலகுக்கு அப்பாற்பட்ட தன்மை என்பது மூன்றாவது. அன்பர்கள் இவற்றைப் புகழுரையாக வழங்குவர். ஆயின் பகைவரும் ஏறத்தாழ இதே கருத்தைத்தான் வழங்கினர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. 1937ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நாசி அரசு ‘சிதைவுற்ற கலை’ என்னும் பெயரால் ஒரு கண்காட்சி நடத்திற்று. அதில் கிளேயின் படைப்புகள் 17 வைக்கப்பட்டன. அக்காட்சிக்கென வெளிவந்த கையேட்டின் ஒரு பக்கத்தில் கிளேயின் ‘உள்ளொளித் தூயவள்’ என்னும் படமும், மனநோய் விடுதியில் இருந்த ஒருவர் வரைந்த படமும் அருகருகே அச்சிடப்பட்டன. இவ்விரண்டனுள் நோயாளியின் படமே மனிதச் சாயல் மிக்கது என்னும் ஏளனமும் உடன் எழுதப்பட்டது.

புகழ்ந்தோர் கனவு என்றனர். இகழ்ந்தோர் பித்து என்றனர். இரு திறத்தாரும் ஊன்றி நின்ற நிலம் ஒன்றே. ஓவியனின் அறிவு ஓய்ந்திருந்தபோது படம் தானே வழிந்தது என்பதே அந்நிலம். அது தவறாயின், இகழ்ந்தோர்க்கு விடை கூறும் வலிமை புகழ்ந்தோர்க்கும் இல்லையாம். ஆதலின் கிளேயின் படங்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை நோக்கி, கனவு என்னும் சொல் அவற்றிற்கு எத்துணைப் பொருந்தும் என ஈண்டு ஆராய்வாம்.

கிளே 1879ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் பெர்ன் நகரை அடுத்த மியூன்ஷன்புக்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் கிளே செருமானியர். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இசை கற்பித்தவர். தாயார் ஐடா சுவிட்சர்லாந்தினர், பாட்டுப் பயின்றவர். குடியுரிமை தந்தை வழிப்பட்டமையால் கிளே இறுதிவரை செருமானியக் குடிமகனாகவே இருந்தார். 1939இல் சுவிசுக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தார். முடிவு வருமுன்னரே 1940ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் லொகார்னோவை அடுத்த முரால்ட்டோவில் மறைந்தார். அவரைச் சுவிசு ஓவியர் என்று நாம் கூறுவது பிறந்த மண்ணையும் வளர்ந்த சூழலையும் நோக்கியே, சட்டத்தை நோக்கியன்று.

வயலின் வாசிப்பில் அவர் வல்லவர். பதினோராம் வயதிலேயே பெர்ன் இசைக்குழுவில் அமர்ந்து வாசித்தவர், 1898இல் ஓவியம் பயில மியூனிக் சென்றார். 1906இல் லில்லி ஸ்டும்ப் என்னும் பியானோக் கலைஞரை மணந்தார். பல ஆண்டுகள் அவ்வம்மையார் இசை கற்பித்து ஈட்டிய பொருளாலேயே குடும்பம் நடந்தது. கிளே வீட்டில் இருந்து சமைத்தார். 1907இல் பிறந்த மகன் பெலிக்சைப் பேணினார். எஞ்சிய பொழுதில் அடுக்களை மேசைமேல் வரைந்தார்.

மணத்துக்கு முன், 1903 முதல் 1905 வரை, அவர் உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து ஆக்கிய அச்சோவியங்கள் சில உள. இருவர் ஆடையின்றி எதிரெதிர் நின்று, மற்றவரே உயர்ந்த பதவியினர் என எண்ணி, முதுகு ஒடியுமாறு வணங்கும் படம் அவற்றுள் ஒன்று. எலும்பும் தசையும் பழைய உடற்கூற்று நூலிற் கண்டாற்போல் இறுகத் தீட்டப்பட்டுள்ளன. கிளே முறையாக வரைய அறியாதவர் என்போர்க்கு இவ்வொரு படமே விடையாகும். அங்கதம் இதன் உயிர். கனவின் மங்கல் இதில் சிறிதும் இல்லை.

1911ஆம் ஆண்டு அவர் தம் படைப்புகளுக்கு ஒரு பட்டியலேடு தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் எண்ணும் பெயரும் இட்டு, இறக்கும்வரை அவ்வேட்டை நடத்தினார். 9,000க்கு மேற்பட்ட படைப்புகள் அதில் இடம்பெற்றன. சிறு வயதில் தாம் வரைந்தவற்றுள்ளும் சிலவற்றைத் தெரிந்தெடுத்து முன்பகுதியிற் சேர்த்துக்கொண்டார், பிறவற்றை விட்டார். தம் குழந்தைப் பருவத்தையே கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளிய ஒருவரைக் ‘குழந்தை’ என்பது எங்ஙனம் பொருந்தும்? கனவில் நடப்பவர் கணக்கேடு வைத்தாரென்று நாம் கேட்டதில்லை.

இனிக் கியூபிசத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். 1912ஆம் ஆண்டு ஏப்பிரலில் கிளே பாரிசு சென்றார். பிக்காசோ, பிராக் ஆகியோரின் படங்களைக் கண்டார். இராபர்ட் தெலோனே என்னும் ஓவியரை நேரிற் சந்தித்தார். ஒரு பொருளைப் பல கோணத்தினின்றும் நோக்கி, தளம் தளமாகப் பிரித்து, அத்தளங்களை ஒரே பரப்பில் அடுக்கிக் காட்டுவது கியூபிச முறை. அதே ஆண்டில் சூரிச்சு நகரக் கண்காட்சி ஒன்றைப் பற்றிச் சுவிசு இதழொன்றில் எழுதிய மதிப்புரையில் கிளே இம்முறையைப் போற்றியதோடு, ஒரு தடையும் எழுப்பினார். மலையும் வீடும் தளங்களாகப் பிரிந்த பின்னும் ஒருவாறு நிலைக்கும்; வாழ்வதற்கென்றே அமைந்த விலங்கும் மனிதனும் அவ்வாறு பிரிந்தால் உயிர் தாங்கா. கட்டமைப்புக்காக உயிரை அழிக்கத்தான் வேண்டுமா என்பது அவர் வினாவின் சாரம். தெலோனே பொருளையே விட்டு நீங்கி வண்ணத்தையே கட்டமைப்பாக்கியதை அவர் ஒரு விடையாகக் கருதினார். ஒளி பற்றித் தெலோனே எழுதிய கட்டுரையைச் செருமனில் மொழிபெயர்த்தார். அது 1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெர்லினிலிருந்து வந்த ‘டெர் ஸ்டுர்ம்’ இதழில் வெளியாயிற்று.

இவ்வினாவை நான் முதன்மையாகக் கருதுகிறேன். கிளேயின் பிற்காலத் தொழில் முழுதும் இதற்கு அவரே தேடிய விடை எனலாம். 1914இல் அவர் தீட்டிய ‘பிக்காசோவுக்கு வணக்கம்’ என்னும் படம் முட்டை வடிவப் பரப்பினது. அவ்வடிவம் பிக்காசோவும் பிராக்கும் கையாண்டது. உள்ளே வண்ணக் கட்டங்களே உண்டு. மேசையும் இல்லை, கித்தாரும் இல்லை, முகமும் இல்லை. பிக்காசோ பொருளை உடைத்துக் கட்டம் கண்டார். கிளே கட்டத்தை முதலில் இட்டு, அதனுள் பொருள் தோன்றுமா எனக் காத்திருந்தார். மாடம், பிறை, மீன், கண் முதலியன அவர் படங்களில் உடைபட்டு நிற்பதில்லை. கட்டங்களுக்கு இடையே சிறியனவாய், முழுமையாய், உயிரோடு தோன்றுகின்றன. உடைக்கும் வேலையை அவர் பொருளின்மேல் நடத்தாது படத்தாளின்மேலேயே நடத்தினார். முடிந்த படத்தைக் கத்தரியால் வெட்டி, துண்டுகளைத் தனித்தனிப் படமாக்குவதும், தலைகீழாக்கி ஒட்டுவதும் அவர் வழக்கம். கெர்ஸ்டன், ஒகுதா ஆகிய ஆய்வாளர்கள் இவ்வெட்டுப் படங்களை விரிவாக ஆராய்ந்து காட்டியுள்ளனர். நாம் கனவுக் காட்சி என வியக்கும் படங்களுட் சில, அளந்து வெட்டிய துண்டுகளே என்க.

கிளேயின் வரலாற்றில் யாவரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1914ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர் நண்பர் அகஸ்டு மாக்கே, லூயி மொய்லியே என்பாருடன் சென்ற துனீசியப் பயணம். டூனிசு, ஹம்மாமத், கைருவான் ஆகிய ஊர்களில் அவர் தங்கியது இரண்டு வாரத்துக்கும் குறைவு. கைருவானில் வண்ணம் தம்மை ஆட்கொண்டது என்றும், தாம் ஓவியர் ஆயினார் என்றும் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இதனை ஒரு திருவருள் நிகழ்ச்சிபோல் எடுத்தாளாத நூல் அரிது.

இலக்கிய மாணவர் இங்குத்தான் விழிப்பாக இருத்தல் வேண்டும். நமக்குக் கிடைப்பது கைருவானில் எழுதிய ஏட்டின் மூலமன்று. கிளே பின்னாளில், தம் பெயர் பரவத் தொடங்கிய காலத்தில், தாமே திருத்திப் படியெடுத்த வடிவம். மகன் பெலிக்சு 1957இல் அந்நாட்குறிப்பைப் பதிப்பித்தார். 1988இல் கெர்ஸ்டன் மூலபாட ஆய்வு முறையில் அதனை மீண்டும் பதிப்பித்தபோது, இது படிப்படியாகத் திருத்தி அமைத்த நூல் என்பது தெளிவாயிற்று. 1920ஆம் ஆண்டையொட்டி அவரைப் பற்றிய முதல் நூல்களை எழுதிய சான், ஹௌசன்ஸ்டைன் ஆகியோர்க்கு வாழ்க்கைக் குறிப்புகளை வழங்கியவரும் கிளேயே. ஆசிரியன் கூற்று சான்றாகலாம். ஆயின் அது என்று எழுதப்பட்டது, எதற்காக எழுதப்பட்டது என வினவாது கொள்ளுதல் நம் துறையினர் ஏட்டுச்சுவடிகளிடத்தும் செய்யாத செயல்.

இதனாற் கிளே பொய்யுரைத்தார் என்பது என் கருத்தன்று. கைருவானில் அவர் உள்ளம் நெகிழ்ந்திருக்கலாம். ஆனால் அங்கு அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களின் கட்ட அமைப்பு ஆப்பிரிக்க வெயிலில் திடீரெனப் பிறந்ததன்று. இரண்டாண்டுக்கு முன்னர்ப் பாரிசில் கண்டு, ஓராண்டுக்கு முன்னர் மொழிபெயர்த்து, உள்ளத்திற் செரித்த பாடம் அது. ‘சிவப்பு வெள்ளை மாடங்கள்’ என்னும் அவ்வாண்டுப் படத்தைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். நாற்கட்டங்களே படத்தைத் தாங்குகின்றன. அவற்றிடையே எழும் அரைவட்டங்களை மாடம் எனக் கொள்கிறோம். ஊரின் பெயர் கைருவான், இலக்கணம் பாரிசினது.

போர் அவர் நண்பரைக் கவர்ந்தது. மாக்கே 1914ஆம் ஆண்டு செப்டம்பரிலும், பிரான்சு மார்க் 1916ஆம் ஆண்டு மார்ச்சில் வெர்தூன் முனையிலும் மாண்டனர். மார்க் மாண்ட சில நாளில் கிளே படைக்கு அழைக்கப்பட்டார். வானூர்திகளுக்கு வண்ணம் பூசியும், பின்னர்ப் பயிற்சிப் பள்ளியொன்றில் கணக்கெழுதியும் போரைக் கழித்தார். வானூர்தித் துணியின் துண்டுகளில் சில படங்களும் தீட்டினார்.

1922ஆம் ஆண்டின் ‘கீச்சிடும் எந்திரம்’ அவர் படங்களுள் மிகப் பரவியது. மெல்லிய கம்பியொன்றின்மேல் நான்கு பறவைகள். கம்பியின் ஒரு முனையில் சுழற்றும் கைப்பிடி. அடியில் ஒரு பள்ளம். சுற்றிலும் நீலமும் வெளிர்சிவப்பும் கலந்து பரவிய மூட்டம். பறவைகளின் நாக்குகள் கொக்கியும் அம்பும் போல் நீள்கின்றன. கோடு நடுங்குகிறது, ஓரங்களில் கருமை கசிந்துள்ளது. உறக்கத்தில் கிறுக்கிய கோடுபோல் தோன்றுவதும் இதனாலேயே.

இக்கோடு பிறந்த முறையைக் காண்போம். முந்திய ஆண்டில் ‘கிளைமேல் இசையரங்கு’ எனப் பேனாவால் ஒரு படம் வரைந்திருந்தார். பின்னர் ஒரு தாளில் கரிய எண்ணெய் வண்ணம் தடவி, வண்ணப்பக்கம் கீழாக வெற்றுத்தாள்மேல் கவிழ்த்து, அதன்மேல் பழைய வரைபடத்தை வைத்து, அதன் கோடுகளை ஊசிமுனையால் ஒற்றி எடுத்தார். நாம் காணும் நடுக்கம் ஒற்றிய கோட்டின் நடுக்கம். கருமைக் கசிவு கை அழுந்திய இடத்தின் தடம். அதன்பின் நீர்வண்ணம் பூசப்பட்டது. தன்னியல்பாய்த் தோன்றும் கோடு இரண்டாம் முறை எழுதியது. தற்செயல் எனத் தோன்றும் கசிவு முறையறிந்து இடங்கொடுத்தது. பிறகு அப்படத்தை அட்டையில் ஒட்டி, கீழே ஒரு கோடிட்டு, ஆண்டும் எண்ணும் பெயரும் எழுதினார். கனவு காண்பவர்க்கு உரியது. ஆக்கியவர்க்கு உரியது ஊசியும் தாளும் கணக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கிளே பெரும்பாலும் படம் முடிந்த பின்னரே பெயரிட்டார். அப்பெயர்கள் படத்தை விளக்குவனவல்ல, படத்தோடு உரசுவன. கீச்சிடுதல் பறவையின் தொழில். எந்திரம் மனிதனின் ஆக்கம். இரண்டனையும் ஒரு தொகைச்சொல்லாக்கும்போது நகையும் அச்சமும் ஒருங்கே பிறக்கின்றன. கைப்பிடியைச் சுற்றுவார் யார் எனக் கேட்கத் தூண்டுவதும் அப்பெயரே. எனினும் பெயரின் துணையால் மட்டும் நிற்கும் படங்களும் கிளேயிடம் பல உண்டு. பெயரை மறைத்துவிட்டால் ஒரு சிறு வேடிக்கைக்குமேல் அவற்றில் எஞ்சுவதில்லை. அவர் படைப்புகள் அனைத்தும் ஒரே தரத்தன என்பார் அவருக்கு நன்மை செய்வாரல்லர்.

எழுத்தையே படப்பொருளாக்கியதிலும் இவ்வெண்ணிச் செய்யும் திறம் தெரிகிறது. 1919இல் தீட்டிய ‘வில்லா ஆர்’ என்னும் படத்தில் வீட்டின் அருகே ‘ஆர்’ என்னும் உரோமன் எழுத்து, மரம்போல் பச்சையாய், பெரிதாய் நிற்கிறது. சொல்லின் உறுப்பாகாத எழுத்து நிலக்காட்சியின் உறுப்பாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், இரவின் சாம்பல் நிறத்தினின்று ஒன்று எழுவதைக் கூறும் செய்யுளொன்றை, எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதி, கட்டந்தோறும் வண்ணம் தீட்டினார். தாளை இரண்டாக வெட்டி நடுவே வெள்ளித்தாள் ஒன்றை ஒட்டினார். நம் சித்திரகவியோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆயின் தேர்ப்பந்தத்திலும் நாகப்பந்தத்திலும் வடிவைப் பின்பற்றினால் செய்யுள் எளிதில் படிக்கப்படும். கிளேயின் படத்திலோ வண்ணம் கண்ணை ஈர்க்கும் அளவுக்குப் படிப்பு தடைப்படும். படிப்பதா, பார்ப்பதா என்னும் இழுபறியே அப்படத்தின் சுவை.

1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வைமார் நகரப் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1922 திசம்பரில் கல்கத்தாவில் கீழைநாட்டுக் கலைக்கழகம் நடத்திய காட்சிக்கு அப்பள்ளியினர் அனுப்பிய படைப்புகளுள் கிளேயின் படங்களும் இருந்தன என்பது நம் நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்கது. கோடு, எடை, சமநிலை, அசைவு, வண்ணம் ஆகியவற்றைப் பற்றி அவர் வகுப்புக்கென எழுதிய குறிப்புகள் ஏறத்தாழ 3,900 பக்கங்கள். பெர்னில் 2005இல் திறக்கப்பட்ட கிளே நடுவத்தில் அவை காக்கப்படுகின்றன. இத்துணை நுணுக்கமாகத் தம் தொழிலை ஆராய்ந்து எழுதிய ஓவியர் அந்நூற்றாண்டில் மிகச் சிலரே. 1932இல் தீட்டிய ‘ஆட் பர்னாசும்’ என்னும் பெரிய படம் அவ்வாராய்ச்சியின் கனி. வண்ணக் கட்டங்களின்மேல் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் மலையோ கூரையோ எனத் தோன்றும் கோடும், ஒரு வாயில் வளைவும், செம்மஞ்சள் வட்டமும் உள. அப்பெயர் 1725இல் பூக்சு என்பார் இயற்றிய இசையிலக்கண நூலின் பெயரை நினைவூட்டுவது. குரலோடு குரல் மோதாது உடன்செல்லும் முறையைக் கற்பிப்பது அந்நூல். கட்டமும் புள்ளியும் கோடும் தத்தம் போக்கிற் சென்று ஒன்றையொன்று கெடுக்காத முறை இப்படத்தினது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். குழந்தைகளின் வரைவையும் மனநோயாளரின் வரைவையும் மதித்துக் கற்க வேண்டும் என 1912இல் எழுதியவர் கிளேயே அல்லரோ? 1925இல் பாரிசில் சர்ரியலிசத்தார் நடத்திய முதற் கண்காட்சியில் அவர் படங்களும் தொங்கினவே? இவ்வுலகில் தம்மைப் பற்றிப் பிடிக்க இயலாது எனத் தம்மைப் பற்றி அவரே கூறியதன்றோ கல்லறையிற் பொறிக்கப்பட்டது? இவை அனைத்தும் உண்மை. ஆயின் கற்கத்தக்கது என்பது வேறு. அதுவே ஆகிவிடுதல் வேறு. 1924ஆம் ஆண்டு சனவரியில் யேனா நகரில் ஆற்றிய சொற்பொழிவில் அவரே இதனைத் தெளிவாக்கினார். தம் வரைவு குழந்தைத்தனமானது என்னும் கதை, மனிதன் போன்ற ஒரு பொருளைத் தூய கோடு ஒன்றாலேயே காட்ட முயன்ற தம் பயிற்சிகளிலிருந்து கிளம்பியது என்றும், மனிதனை உள்ளவாறு வரைய முற்பட்டிருப்பின் குழப்பமான பல கோடுகள் தேவைப்பட்டிருக்கும் என்றும் அவர் விளக்கினார். புனையா ஓவியம் எனப் பழந்தமிழ் கூறும் வண்ணம் தீட்டாத வரைவில், எஞ்சிய ஒரு கோட்டைக் கண்டு எளிமை என்கிறோம். விலக்கப்பட்ட நூறு கோடுகளை நாம் காண்பதில்லை.

1931இல் தியூசல்டார்பு கலைக்கழகத்துக்கு மாறிய கிளே 1933இல் நாசி அரசால் விலக்கப்பட்டார். அவ்வாண்டிறுதியில் பெர்ன் திரும்பினார். செருமானியப் பொதுக் காட்சிச்சாலைகளிலிருந்து அவர் படைப்புகள் 102 பறிக்கப்பட்டன. பெர்லின் தேசியக் காட்சிச்சாலையில் இருந்த ‘கீச்சிடும் எந்திரம்’ அவற்றுள் ஒன்று. அது 1939இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையை அடைந்தது.

1935இல் தொடங்கிய நோய் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கிற்று. அதற்கு இசிவுத்தோல் நோய் எனப் பெயர் சூட்டப்பட்டது அவர் மறைந்த பின்னரே. 1936இல் அவர் பதிந்த படைப்புகள் 25 மட்டும். 1937இல் 264, 1938இல் 489, 1939இல் 1,253. பிற்காலப் படங்களின் தடித்த கருங்கோடுகளை நோயுற்ற கையின் விளைவு என்று கூறுவோர் உளர். அதே 1939இல் அவர் பென்சிலால் வரைந்த ‘மறதியுடைய தேவதூதர்’ முதலிய படங்களில் கோடு மெலிந்து, வளைந்து, தங்குதடையின்றி ஓடுகிறது. கை ஒன்றே, கோடு இரண்டு. ஆதலின் தடித்த கோடு அவர் தேர்ந்துகொண்டது எனக் கொள்வதே பொருந்தும். கனவைக் காரணமாகக் காட்டிய குறையே நோயைக் காரணமாகக் காட்டுவதிலும் உண்டு. படத்தை விட்டுப் படம் வரைந்தவர் உடலுக்குச் செல்லும் குறுக்குவழி அது.

1940ஆம் ஆண்டின் ‘சாவும் தீயும்’ என்னும் படத்தில் வெண்மையான முகம் ஒன்று நடுவே நிற்கிறது. கரிய கோடுகளால் ஆன அதன் உருவத்தில், சாவைக் குறிக்கும் செருமன் சொல்லின் மூன்று எழுத்துகளும் மறைந்துள்ளன. சாவை அறிந்தவர் வரைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருபத்தோராண்டுக்கு முன் பச்சை எழுத்தொன்றை வீட்டருகே மரமாக நட்ட அதே கைத்திறம் இங்கே எழுத்தை முகமாக்கியிருக்கிறது. அவ்வாண்டில், மறைவதற்கு முன் பதிந்த படைப்புகளின் எண்ணிக்கை 366. 1940 மிகைநாள் ஆண்டாதலின், ஆண்டு முழுமைக்கும் உரிய எண்ணைக் கிளே முன்கூட்டியே நிறைவு செய்தார் எனக் கருதுவோர் சிலர். இதனை உறுதியாகக் கூற முடியாது. ஆயின், பட்டியலேட்டை இறுதிவரை நடத்தியவரிடம் அவ்வாறு எண்ண இடமில்லை என்றும் கூற முடியாது.